பத்துக்குக் கீழே எல்லாம் நட்சத்திரம்

நாகரிகம் எப்போது தோன்றியது என்று கேட்டால், நெருப்பைக் கண்டுபிடித்த அன்று என்பார்கள் சிலர். சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்று என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பிழை. யாரோ ஒரு மனிதன் தனக்குத் தெரிந்ததை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்கு எதுவும் தெரியாது" என்று முதன்முதலாகச் சொன்னானே, அன்றுதான் தோன்றியது. அந்த மகானின் நேரடி வாரிசு நான். தொழிற்புள்ளிவிவரத் துறையின் ரகசியக் காப்பாளன்.

இப்படி ஒரு பதவி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதுதான் பதவியின் வெற்றி. அப்படிப்பட்டவன் இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுவது விதிமீறல் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கடைசியில் விதியோடு சொல்கிறேன். அதுவரை என்மேல் நம்பிக்கை வையுங்கள். எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள்.

எங்கள் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் நீல நிறப் படிவம் ஒன்றை அனுப்பும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன எந்திரம், அதில் காப்புத் தட்டி உண்டா, எத்தனை விபத்து, யாருக்கு எது போயிற்று, எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி இருக்கும்: "இவ்விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும்." அந்த ஒரு வரியை நம்பித்தான் முதலாளிகள் உண்மையை எழுதுகிறார்கள். கட்டிய மனைவியிடம் சொல்லாததை எங்களிடம் சொல்கிறார்கள். அப்படி வந்து சேரும் உண்மையை மூன்றாம் மாடியில் ஓர் அறையில் வைத்துப் பூட்டுவோம். அதோடு உண்மைக்கு வேலை முடிந்தது; அடுத்த ஆண்டுப் படிவத்தை அச்சுக்கு அனுப்புவோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த துறைக்குத் திடீரென்று ஒரு காய்ச்சல் வந்தது. அதன் பெயர் "ஆதாரம் சார்ந்த கொள்கை". பூட்டி வைத்திருக்கும் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும், அவர்கள் அலசி ஆராய்ந்து எந்தச் சட்டம் நல்லது, எது கெட்டது என்று சொல்ல வேண்டும், அதன்படி அரசு நடக்க வேண்டும் என்று அமைச்சகத்திலிருந்து ஆணை வந்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிகள் நாங்கள் கூடிப் பேசினோம்.

எங்கள் இயக்குநர் ஆணையை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார். "தரவைத் திறக்கணும். ஆனா அது மூடியே இருக்கணும்."

"அது எப்படி சார்?" என்றேன்.

"அதுக்குத்தானே குழு."

பத்து உறுப்பினர் கொண்ட குழு அமைந்தது. தலைவர், இயக்குநர். செயலாளர், நான், எனக்கு வாக்கு கிடையாது, தேநீர் உண்டு. தொழில்துறையின் குரலும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர் சங்கத் தலைவரையும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் அலுவலகத் தெருக் கோடியில் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி அவர். மெத்தப் பணிவானவர். யார் பேசினாலும் தலையாட்டுவார், தான் பேசும்போது மட்டும் ஆட்டமாட்டார்.

பதினான்கு கூட்டங்களுக்குப் பிறகு "திறந்த தரவு அறை" தயாரானது. அதன் அமைப்பைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். கதவுக்கு இரண்டு பூட்டு. சன்னல் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி. கணினியில் எதையும் செருக முடியாதபடி துளைகள் அத்தனையும் பசை வைத்து அடைக்கப்பட்டன. முதல் வாரம் மின்சாரத் துளையையும் அடைத்துவிட்டதால் கணினி மிகவும் பாதுகாப்பாக இருந்தது. உள்ளே பேனா, தாள், கைப்பேசி கூடாது. ஆய்வாளரைக் கண்காணிக்க ஒரு கேமரா. அந்தக் கேமராவை யாரும் திருப்பிவிடாமல் கண்காணிக்க இன்னொரு கேமரா.

ஒன்றே ஒன்றைத்தான் எங்களால் பூட்ட முடியவில்லை. தெருக் கோடிப் பட்டறையின் சத்தம். டக், டக், டக் என்று நிமிடத்துக்கு நாற்பது. சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். பழகிவிட்டால் கேட்காது, நின்றால்தான் கேட்கும்.

பன்னிரண்டாம் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வி எங்கள் துறை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. "பேனாவைப் பிடுங்கிட்டோம், தாளைப் பிடுங்கிட்டோம். ஆனா அவங்க மனசுல பதிச்சுக்கிட்டு வெளிய போனா?"

அவை திகைத்துப்போனது. மண்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்ல விதியில் இடமில்லை. கடைசியில் "மறப்பு உறுதிமொழி" பிறந்தது. ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறும்போது, "உள்ளே கண்ட எண்கள் எவையும் என் நினைவில் இல்லை" என்று கையெழுத்திட வேண்டும். மறுநாள் வேலையைத் தொடர "மீள்நினைவு அனுமதி" என்று தனிப் படிவம். அதை நான்தான் வடிவமைத்தேன்.

அறை திறந்து ஏழு மாதம் ஒருவரும் வரவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் முழு வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். எட்டாம் மாதம் அந்த ஆய்வாளர் வந்தார்.

பெண், முப்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. பதினான்கு பக்க விண்ணப்பத்தை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொண்டுவந்தபோதே இவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவருடைய கேள்வி சின்னது. மூடி அடிக்கும் எந்திரத்தில், கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு காப்புத் தட்டி பொருத்தலாம். சில பட்டறைகளில் அது இருக்கிறது. சில பட்டறைகளில் வேலை தாமதமாகிறது என்று கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். தட்டி இருக்கும் இடத்தில் எத்தனை பேருக்கு விரல் போயிற்று, இல்லாத இடத்தில் எத்தனை பேருக்குப் போயிற்று?

"இது தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அமைச்சகத்துல கொண்டுபோய்க் கொடுப்பேன் சார். ஆதாரம் இருந்தா தட்டியைக் கட்டாயம் ஆக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

"ஆதாரம் இல்லன்னா?"

"இல்லன்னா ஆக்க மாட்டாங்க. இப்பவே ஆக்காமத்தானே இருக்காங்க."

இந்த இடத்தில் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். அவனுக்கு அந்தத் தெருக் கோடிப் பட்டறையில் எந்திரத்தில் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே வலது கையின் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பான். அதைக் கேட்டுத்தான் அவன் அக்கா அடுப்பில் தண்ணீர் வைப்பாள். கதவருகே வருவதற்குள் தேநீர் தயாராக இருக்கும். இருபத்து நான்கு வயதுக்காரன் தெருவில் நின்று சீட்டி அடிப்பது எனக்குப் பிடிக்காது. பலமுறை கண்டித்திருக்கிறேன்.

ஆய்வாளர் மூன்று வாரம் அறைக்குள் உட்கார்ந்தார். தினமும் மாலையில் வாசல் காவலாளி தன் கடமையைச் செய்வார்.

"உள்ள பாத்தது ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க."

"எதை மறந்தீங்க?"

"அதுவும் ஞாபகம் இல்லீங்க."

"சரி, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

மூன்றாம் வாரக் கடைசியில் அட்டவணை தயாரானது. அதை வெளியே விடலாமா என்று சோதிப்பது என் பொறுப்பு. இங்கேதான் எங்கள் தலையாய விதி வருகிறது: எந்தக் கட்டத்திலாவது பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால், ஆட்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால், எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாக வெளியிடலாம். ஏன் பத்து என்று ஒருமுறை இயக்குநரைக் கேட்டேன். "விரல் விட்டு எண்ணிடக் கூடியதெல்லாம் ரகசியம்" என்று தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அட்டவணையைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில், தட்டி இல்லாத பட்டறைகளில் விரல் இழந்தவர்கள்: ஒன்பது. தட்டி உள்ள பட்டறைகளில்: பூஜ்யம்.

ஒன்பது பத்துக்குக் குறைவு, நட்சத்திரம். பூஜ்யமும் பத்துக்குக் குறைவு, அதற்கும் நட்சத்திரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி மின்னின. விதி யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை.

ஆய்வாளர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், இதுல தட்டி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு வருதே."

"அப்படியும் சொல்லலாம்."

"பொய்யில்லையா சார் அது?"

"பொய் சொல்ல மாட்டோம்மா. உண்மையைச் சொல்லாம இருப்போம், அவ்வளவுதான்."

அவர் மேல்முறையீடு செய்தார். ஒன்பதை மட்டும் வெளியிட விதிவிலக்கு கோரி, ஏழு நகல்களுடன்.

அன்று மாலை எனக்கு ஒரு வேலை செய்யத் தோன்றியது. செய்யாமல் இருந்திருக்கலாம். காப்பாளனுக்கு எல்லாப் படிவங்களையும் பார்க்கும் உரிமை உண்டு. அந்த ஒன்பது பேர் எந்தெந்தப் பட்டறை என்று எடுத்துப் பார்த்தேன். மூவர் மூன்று வெவ்வேறு இடங்களில். மிச்சம் ஆறு பேர் ஒரே பட்டறையில். தெருக் கோடி. நீலப் படிவத்தில், "காப்புத் தட்டி உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே சங்கத் தலைவர் தன் அழகான கையெழுத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தார். எங்களை நம்பி எழுதியது. படிவத்தை மூடி வைத்துவிட்டு, அங்கேயே நின்று சிறிது நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டக், டக், டக்.

விதிப்படி இதையும் ஒரு குறிப்பாக எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, குழு உறுப்பினர் பத்துப் பேருக்கும் அனுப்பினேன். குழுவிடம் ரகசியம் கிடையாது.

கீழே டீக்கடையில் நிற்கும்போது கடைக்காரர் கேட்டார். "என்ன சார், முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம்."

"பட்டறை விஷயமா? ஆறு பேர் ஆச்சே அங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரக்கு இன்னும் காயவில்லை. "உங்களுக்கு யார் சொன்னது?"

"சொல்லணுமா சார்? டீ குடிக்க வர்றவங்கதானே. நேத்துவரைக்கும் வலது கையால கிளாஸ் வாங்கினவன் இன்னிக்கு இடது கையை நீட்டறான். அந்தச் சத்தம் நடுவுல நின்னா போதும், இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். உங்க ஆபீசுக்குத்தான் தெரியாது போல."

இது கசிவா, கசிவு என்றால் எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். மனைவி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, தம்பி வேலை செய்யற இடம் எப்படி? பக்கத்து வீட்டுல ஏதேதோ சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"அதான் உங்களைக் கேக்கறேன். எல்லாப் பட்டறைக் கணக்கும் உங்ககிட்டதானே இருக்கு."

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியாளா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எங்கிட்டயும்தான் பண்ணீங்க, கல்யாணத்தன்னிக்கு. சரி, நல்ல இடமா, கெட்ட இடமா, அதை மட்டும் சொல்லுங்க."

"அதுவும் ஒரு தகவல்தான்."

அந்த நேரம் தெருமுனையில் சீட்டிச் சத்தம் கேட்டது. எழுந்து தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். மைத்துனன் உள்ளே வந்து, "என்ன மாமா, இன்னிக்கு எத்தனை ரகசியம் காப்பாத்துனீங்க?" என்றான். எப்போதும் கேட்பதுதான். எப்போதும் நான் சிரிப்பதுதான். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு மேல்முறையீட்டுக் கூட்டம். கைப்பேசிகளை வாசலில் உள்ள தகரப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனோம். அதற்கு மூடி அடித்துத் தந்ததும் சங்கத் தலைவர்தான், நன்கொடை. ஆய்வாளர் எதிரே நிறுத்தப்பட்டார்.

இயக்குநர் தொடங்கினார். "எந்த எண்ணை வெளியிடச் சொல்றீங்க?"

"அதை நான் சொல்ல முடியாது சார். மறந்துட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"மறந்துபோன எண்ணை எப்படிம்மா வெளியிடறது?"

"எனக்குத்தானே சார் மறந்துபோச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

பத்துப் பேரும் தங்கள் உறைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அரக்கு உடைத்த உறைகள். எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆய்வாளரை வெளியே உட்காரச் சொன்னோம். அவர் கண்டுபிடித்த எண்ணை அவர் காதில் விழும்படி விவாதிப்பது விதிமீறல்.

சங்கத் தலைவர் எழுந்தார். அவர் தலை ஆடவில்லை. "ஐயா, எனக்கு யார்மேலயும் வருத்தம் இல்ல. ஆனா ஒண்ணு. தட்டி இல்லாம நாங்க நிமிஷத்துக்கு நாப்பது மூடி அடிக்கிறோம். தட்டி போட்டவன் முப்பத்தஞ்சுதான் அடிக்கிறான். இது எங்க தொழில் ரகசியம். இது வெளிய போனா நாளைக்கு எல்லாரும் தட்டியைக் கழட்டிடுவாங்க. அப்புறம் எத்தனை பேர் கை போகும்? அதை நெனச்சுத்தான் மறைக்கச் சொல்றேன்."

மனிதநேயம் ததும்பிய இந்தப் பேச்சைக் குழு பாராட்டியது. நடவடிக்கைக் குறிப்பில் "மனிதநேயம்" என்றே எழுதினேன்.

மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். "ஒன்பதுக்கு அனுமதி கொடுத்தா நாளைக்கு எட்டுன்னு வந்து நிப்பாங்க. அப்புறம் ஏழு. இப்படியே போனா ஒரே ஒருத்தர் கை போனாக்கூட ஊருக்குச் சொல்ற நிலைமை வந்துடும்."

"கொள்கைன்னா ஒரு கோடு வேணும்" என்றார் இன்னொருவர்.

"ஒண்ணுதானே குறையுது, அவசரப்படாம கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்றார் மூன்றாமவர்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புள்ளிவிவரம் வளரும் தன்மை உடையது, அதைத்தான் சொன்னார். "பொறுத்திருந்து பார்க்கலாம்" என்று தீர்மானம் எழுத ஆரம்பித்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது.

மணி பதினொன்று இருபது. சாப்பாட்டு வேளை இல்லை, ஆள் மாறும் வேளையும் இல்லை. நாங்கள் பதினோரு பேரும் தலை நிமிர்ந்தோம். சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் பேனா "பொறுத்திருந்து" என்ற சொல்லின் மேல் அப்படியே நின்றது.

"நல்லதாப் போச்சு, சத்தம் குறைஞ்சுது" என்றார் இயக்குநர். "இப்ப நிம்மதியாப் பேசலாம். அடுத்த பொருள் என்ன?"

அடுத்த பொருள், அறைக்குப் புது நாற்காலி. அதைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினோம். நடுவில் வாசலில் தகரப் பெட்டிக்குள் ஒரு கைப்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. என் கைப்பேசியின் ஒலி எனக்குத் தெரியும். கூட்டம் முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நான். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனை நடைவழியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். டீக்கடைக்காரர்தான் அவளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். ஆட்காட்டி விரல், நடு விரல். வலது கை. மற்றதெல்லாம் காப்பாற்றிவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

"ஒன்பது தடவை அடிச்சேன்" என்றாள். "எடுக்கல."

"பெட்டிக்குள்ள இருந்தது."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு அந்த இடம் முன்னாடியே தெரியுமா?"

முப்பது ஆண்டுப் பணியில் எத்தனையோ பேர் என் வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு சொல் வாங்கியதில்லை. "தெரியும்" என்றேன். அதுதான் நான் செய்த முதல் கசிவு. ஒரு நாள் தாமதமாகச் செய்த கசிவு. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினாறு நாள் என்னோடு பேசவில்லை.

துறை தன் கடமையில் தவறவில்லை. பட்டறையிலிருந்து விபத்துப் படிவம் மூன்றே நாளில் வந்தது. சங்கத் தலைவர் ஒழுங்கானவர். அடுத்த வாரம் இயக்குநர் என்னை அழைத்து உட்காரச் சொன்னார்.

"பத்தாவது ஆள் உங்க வீட்டுப் பிள்ளைன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்."

"நன்றி சார்."

"ஆனா பாருங்க, சொந்தக்காரர் விரல்ங்கறதால, அந்தப் பதிவுல நீங்க கை வைக்கக் கூடாது. நடுநிலைமைன்னு ஒண்ணு இருக்கு. வேற ஆளை விட்டுப் பதியச் சொல்றேன்."

"சரி சார்."

"இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "பத்து ஆயிடுச்சு. விதிவிலக்கே தேவையில்ல. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

ஆய்வாளரைக் கூப்பிட்டேன். வந்தார். தாளை நீட்டினேன். இடப்பக்கம் நட்சத்திரம் இருந்த இடத்தில் "10" என்று அச்சாகியிருந்தது. வலப்பக்கம் பூஜ்யத்துக்கு நட்சத்திரம் அப்படியே இருந்தது.

"எப்படி சார் அனுமதி கிடைச்சது? விதியை மாத்திட்டாங்களா?"

"விதி மாறல. எண்ணிக்கை மாறிச்சு."

அவருக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் தாளை மேசைமேல் வைத்துவிட்டார். தொடவே தயங்கியது போல் இருந்தது. "யாருன்னு கேக்கலாமா சார்?" என்றார். கேட்டுவிட்டு அவரே, "வேண்டாம், சொல்ல மாட்டீங்க" என்றார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். காவலாளி, "ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இந்த முறை அவர், "இருக்கு" என்றார். அனுமதிக்கப்பட்ட எண் என்பதால் காவலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அமைச்சகம் அறிக்கையைப் பெற்றுக்கொண்டது. காப்புத் தட்டியைக் கட்டாயம் ஆக்குவது "பரிசீலனையில்" இருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே சூரியன் உதிப்பதா என்று ஒரு துணைக்குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு ஒரு தகவலும் கசியாததற்காக எங்கள் துறைக்குக் கேடயம் கிடைத்தது. அதை வாங்க மேடையேறியவன் நான்.

மைத்துனன் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளியே நடமாட ஆரம்பித்தான். முதல் நாள் மாலை, கதவைத் தட்டும் சத்தம் கேட்டு யாரோ வெளியாள் என்று நினைத்துத் திறந்தேன். அவன் நின்றான். அடுப்பில் தண்ணீர் இல்லை. அவன் அக்காவுக்கு அவன் வருவது தெரிந்திருக்கவில்லை. அவள் அவசர அவசரமாக எழுந்து போனாள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கேடயம் அலமாரியில் இருந்தது.

"மாமா, எனக்கு முன்னாடி அங்க ஆறு பேருக்கு ஆச்சாமே."

"ஆமா."

"முதலாளிக்குத் தெரியும். வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"அது ரகசியம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுப் பழக்கம். அவன் இடது கையால் தேநீரை வாங்கிக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தான். அப்போதுதான் எனக்குத் தலையாய விதி நினைவுக்கு வந்தது. விதிப் புத்தகத்தை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால்தான் நட்சத்திரம்; பத்து அல்லது அதற்கு மேல் என்றால் யார் தடையும் இல்லை.

ஆகவே, துறையின் புகழ்பெற்ற மரபுகளுக்கு உட்பட்டு, முறையான சோதனைக்குப் பிறகு, கீழ்க்கண்ட எண்ணை மகிழ்ச்சியுடன் வெளியிடுகிறேன்.

அந்தப் பட்டறையில் காப்புத் தட்டி இல்லை, ஆறு பேருக்கு விரல் போய்விட்டது என்பது எழுத்து மூலம் தெரிந்திருந்தும், அன்று காலை சத்தம் நிற்கும்வரை வாயைத் திறக்காதவர்கள்: குழு உறுப்பினர் பத்து, செயலாளர் ஒன்று.

மொத்தம் பதினொன்று. நட்சத்திரம் தேவையில்லை.